கிழக்கே நகர்ந்த தொழில்களும் மேற்கே தங்கிவிட்ட மக்களும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதனை ஆண்டவர்களைக் கொண்டு எழுதுவதே வழக்கம். ஆயினும், காலை வேளையில் அந்நகரத்து மக்கள் எந்தத் திசை நோக்கி வேலைக்குச் செல்கின்றனர் என்பதைக் கொண்டும் அவ்வரலாற்றை எழுத முடியும். கண்டி மாநகரத்தையும் அதனைச் சூழவுள்ள ஊர்களையும் இவ்வாறு நோக்குவோமாயின், கடந்த 200 ஆண்டுகளில் தொழில்கள் இருக்கும் இடம் பல தடவைகள் மாறியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் சில ஊர்கள் செழித்தன. சில ஊர்கள் பின்தங்கின.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில், பிரதான வீதியையும் மலையக ரயில் பாதையையும் ஒட்டி அமைந்துள்ள கெலிஓயா, இம்மாற்றங்கள் பலவற்றைக் கண்ட ஊர். அண்மைய தசாப்தங்களில் கண்டியின் புதிய தொழில்கள் நகரத்தின் கிழக்குப் புறமாகக் குவிந்து வருகின்றன. கெலிஓயாவோ தென்மேற்கில் இருக்கின்றது. இந்த இடைவெளி வரைபடத்தில் சிறியதாகத் தோன்றினாலும், தமிழ் பேசும் மக்களின் வாழ்வாதாரத்தைப் பொறுத்தமட்டில் அது சிறியதன்று. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 13 இலட்சத்து 75 ஆயிரம். இதில் முஸ்லிம்களும் இருவகைத் தமிழரும் சேர்ந்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர். இவர்களுள் கணிசமானோர் உடுநுவர, கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை ஆகிய தென்மேற்கு, தெற்குப் பிரதேசங்களிலேயே வாழ்கின்றனர் என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது.

தவளம் முதல் ரயில் வரை

கண்டி இராச்சியக் காலத்தில் தொழில் என்பது பெரும்பாலும் ஊருடன் பிணைக்கப்பட்டிருந்தது. அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஊழியம் செய்த கைவினைஞர்கள் தத்தமது கிராமங்களிலேயே இருந்தனர். மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற எம்பக்கைத் தேவாலயம் உடுநுவரப் பகுதியில் அமைந்திருப்பது தற்செயலானதன்று. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கெடுபிடிகளுக்கு உள்ளான முஸ்லிம்களுக்கு மன்னன் செனரத் தனது இராச்சியத்தில் புகலிடம் அளித்தான். பொதிமாடுகளை வரிசையாக நடத்திச் செல்லும் தவள வணிகம் அவர்களிற் பலரது தொழிலாயிற்று. கரையோரத்து உப்பும் கருவாடும் மேலே வந்தன. மலைநாட்டுப் பாக்கு கீழே சென்றது. போக்குவரத்தை நிருவகித்த மடிகே பத்த என்ற அரச பிரிவில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தனர். அக்காலத்தில் எமது முன்னோரின் தொழில் பாதையின் மீதே இருந்தது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானதன் பின்னர் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. 1820களில் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றை ஆரம்பித்தார். அடுத்த சில தசாப்தங்களில் மலைகள் கோப்பியால் மூடப்பட்டன. தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கால்நடையாக அழைத்து வரப்பட்டனர். 1867இல் ரயில் பாதை கண்டியை அடைந்தது. 1873இல் அது கம்பளைக்கும், அடுத்த ஆண்டில் நாவலப்பிட்டிக்கும் நீண்டது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபோதிலும், அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டதால் தொழில்களின் புவியியல் பெரிதாக மாறவில்லை. வேலை மலையில் இருந்தது. அம்மலைக்கு வேண்டிய அரிசி, துணி, இரும்புச் சாமான், கடன் ஆகியன நகரத்தில் இருந்தன. கண்டியின் கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும், கம்பளையின் கடைத்தெருவிலும் முஸ்லிம், தமிழ் வர்த்தகர்கள் நிலைபெற்றது இந்த ஏற்பாட்டினாலேயே ஆகும். தோட்டத்தில் சம்பளம் வழங்கப்படும் நாளில் நகரத்துக் கடைகளில் வியாபாரம் களைகட்டும். ஒன்றின் நலிவு மற்றையதன் நலிவாகவே இருக்கும்.

பல்கலைக்கழகம் கொணர்ந்த மாற்றம்

சுதந்திரத்தின் பின்னர் கண்டி தனது எல்லையைத் தாண்டி மேற்கே விரியத் தொடங்கியது. 1942இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பேராதனையிலும் கன்னொருவையிலும் விவசாயத் திணைக்களமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் இயங்கின. 1980இல் பேராதனைப் போதனா வைத்தியசாலை திறக்கப்பட்டது. விரிவுரையாளர் முதல் சிற்றூழியர் வரை பல்லாயிரம் பேருக்கு இந்நிறுவனங்கள் நிரந்தர அரச தொழில்களை வழங்கின. அத்தொழில்களைச் சார்ந்து உணவகம், அச்சகம், புத்தகக்கடை, வாடகை அறை எனப் பல பிழைப்புகள் உருவாகின.

இந்த மாற்றத்தினால் கூடுதலான நன்மை பெற்ற ஊர்களில் கெலிஓயாவும் ஒன்று. பேராதனைக்கு அண்மையில், ஆனால் பேராதனையை விடக் குறைந்த விலையில் காணி கிடைத்தமையால் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் இங்கு குடியேறினர். கண்டியில் கடை வைத்திருந்தோர் இங்கு வீடு கட்டினர். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவர்களாக வாழும் ஒரு சிறு நகரமாக கெலிஓயா வளர்ந்தமைக்கு, தொழில்கள் அதன் வாசலுக்கு அருகே வந்ததே முக்கிய காரணமாகும்.

இதே காலப்பகுதியில் மலையில் வேறொரு கதை நிகழ்ந்து கொண்டிருந்தது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தனியாரதும் கம்பனிகளதும் தோட்டங்கள் அரசுடைமையாகின. கண்டி மாவட்டத்தின் நடுத்தர உயரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல அவற்றிலிருந்து வெளியேற நேர்ந்தது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் மீண்டும் தனியாரிடம் சென்றபோதிலும், விளைச்சல் குன்றிய பழைய தேயிலைச் செடிகளைக் கொண்ட கண்டிப் பிரதேசத் தோட்டங்கள் மீண்டெழவில்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வேலைநாட்கள் குறைந்தன. மலையில் இருந்த தொழில் கண்முன்னே கரைந்து போயிற்று. ஆனால் அதனை நம்பி இருந்த குடும்பங்கள் அதே லயன் அறைகளிலேயே இருந்தன.

கிழக்குத் திசையின் எழுச்சி

கண்டி நகரம் ஒரு கிண்ணத்தைப் போன்றது. மூன்று புறமும் மகாவலி சுற்றி ஓட, மலைகள் சூழ்ந்த சிறு சமதரையில் தலதா மாளிகையும் ஏரியும் பாடசாலைகளும் வைத்தியசாலையும் சந்தையும் பஸ் நிலையங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் கண்டியை உலக மரபுரிமை நகரமாகப் பிரகடனம் செய்தது. 1998 ஜனவரியில் தலதா மாளிகை மீது நடத்தப்பட்ட குண்டுத்தாக்குதலை அடுத்து, மாளிகைக்கு முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. மரபுரிமை, பாதுகாப்பு, இடநெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து நகர மத்தியில் புதிய தொழில்களுக்கு இடமின்றிச் செய்தன.

இடம் கிழக்கே இருந்தது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் 1985இல் விக்டோரியா அணைக்கட்டு நிறைவுற்றது. அதனை ஒட்டித் திகன நகரம் வளர்ந்தது. குண்டசாலையிலும் பல்லேகலையிலும் ஒப்பீட்டளவில் சமதரையான அரச காணிகள் கிடைத்தன. இலங்கை முதலீட்டுச் சபை தனது கண்டிக் கைத்தொழிற் பூங்காவைப் பல்லேகலையிலேயே அமைத்தது. ஆடைத் தொழிற்சாலைகளும் பிற உற்பத்தி நிறுவனங்களும் அங்கு சென்றன. மத்திய மாகாண சபையின் அலுவலகத் தொகுதியும் அங்கேயே எழுந்தது. 2009இல் சர்வதேச கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. 2014இல் போகம்பரைச் சிறைச்சாலை கூடத் தனது கைதிகளுடன் பல்லேகலைக்கு இடம்பெயர்ந்து விட்டது.

இவ்வாறு பரவலாக்கியது தவறென்று கூறுவதற்கில்லை. நகர மத்தியிலேயே அனைத்தையும் வைத்திருப்பின் கண்டி மூச்சுத் திணறியிருக்கும். குறை யாதெனில், பரவலாக்கம் ஒரே திசையில் மட்டும் நிகழ்ந்தமையாகும். அதைவிடப் பெரிய குறை, தொழில் சென்ற திசைக்கு மற்றைய திசைகளில் இருந்து மக்கள் செல்வதற்கான வழி அமைக்கப்படாமையாகும்.

இருபத்தைந்து கிலோமீற்றருக்குள் ஒரு தூரதேசம்

கெலிஓயாவில் இருந்து பல்லேகலைக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரமே இருக்கும். ஆனால் அப்பயணத்தின் வழியைப் பாருங்கள். முதலில் பேராதனை, பின்னர் கெட்டம்பே, அங்கிருந்து வாகனங்கள் ஊர்ந்து செல்லும் வீதியால் கண்டி நகரம். அங்கு இறங்கி வேறு பஸ்ஸில் ஏற வேண்டும். அது நகரத்தைக் கடந்து, தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டி, மஹியங்கனை வீதியால் செல்ல வேண்டும். கலஹா, தலாத்துஓயா ஊடான சுற்றுவழி மலைப்பாதை நாளாந்தப் பயணத்துக்கு உகந்ததன்று. ஆகவே தென்மேற்கில் இருந்து கிழக்கே செல்லும் ஒவ்வொருவரும், தமக்கு அங்கு எந்த அலுவலும் இல்லாதபோதும், நாட்டின் மிக நெரிசலான நகர மத்திகளில் ஒன்றினூடாக நாளொன்றுக்கு இரு தடவைகள் செல்ல வேண்டியுள்ளது. புசல்லாவையில் இருந்தோ நாவலப்பிட்டியில் இருந்தோ வருபவருக்கு இது கிட்டத்தட்ட இயலாத காரியம்.

நேரத்துக்கு அடுத்தது பணம். 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், அதே ஆண்டு ஜூலையில் 40 ரூபா வரை உயர்ந்தது. பின்னர் அது ஓரளவு குறைக்கப்பட்டதாயினும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரண்டு பஸ்கள் மாறிச் செல்லும் ஆரம்ப நிலைத் தொழிலாளி ஒருவரது சம்பளத்தில் பயணச் செலவு எவ்வளவு பெரிய பங்கை விழுங்கும் என்பதைக் கணக்கிடுவதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. பெரிய தொழிற்சாலைகள் சில ஊழியர்களை ஏற்றி இறக்கத் தமது சொந்த பஸ்களை ஓட்டுகின்றன. ஆனால் தொழிற்சாலை பஸ் எந்த வழியால் ஓடுகின்றதோ அந்த வழியில் உள்ளோருக்கே வேலை என்பதும் இதனால் நடைமுறையாகி விடுகின்றது.

பெண்களின் நிலை இதனிலும் கடினமானது. இலங்கையில் தொழில் புரியும் வயதுடைய பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே ஊழியப்படையில் உள்ளனர் என்பதை உத்தியோகபூர்வப் புள்ளிவிபரங்கள் பல்லாண்டுகளாகக் காட்டி வருகின்றன. இதற்குப் பல காரணங்கள் இருப்பினும், தூரம் முக்கியமான ஒன்று. அரை மணித்தியாலப் பயணத்தில் உள்ள வேலைக்குத் தம் மகளை அனுப்பச் சம்மதிக்கும் பெற்றோர், இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்ப வேண்டிய வேலைக்குச் சம்மதிப்பதில்லை. உயர்தரம் சித்தியடைந்த முஸ்லிம் யுவதிகள் வீட்டிலேயே இருப்பதற்கும், தோட்டப்புற யுவதிகள் வீட்டு வேலைக்குக் கொழும்பு செல்வதற்கும் கலாசாரத்தையே காரணம் காட்டிவிட்டு நாம் அமைதியடைந்து விடுகின்றோம். பஸ் நேர அட்டவணைக்கும் இதில் பங்குண்டு என்பதை எவரும் பேசுவதில்லை.

உலகம் கற்ற பாடம்

இது கண்டிக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. அமெரிக்கப் பொருளியலாளரான ஜோன் கெய்ன் 1968இல் வெளியிட்ட ஆய்வொன்றில், டெட்ரொயிட், சிக்காகோ ஆகிய நகரங்களை ஆராய்ந்தார். தொழில்கள் நகர மத்தியை விட்டுப் புறநகர்களுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. வீட்டு வசதியில் நிலவிய இனப் பாகுபாட்டினால் கறுப்பின மக்கள் தொழில்களைப் பின்தொடர்ந்து குடிபெயர முடியவில்லை. அவர்களிடையே வேலையின்மை கூடியிருந்ததற்கு இந்த இடப்பொருத்தமின்மையும் ஒரு காரணம் என அவர் வாதிட்டார். அந்த வாதம் பற்றிய விவாதம் பல தசாப்தங்களாகத் தொடர்ந்தது. எனினும், தொழில் இருக்கும் இடமும் வாழும் இடமும் பிரியும்போது அதன் விலையை நலிந்த சமூகங்களே முதலிற் செலுத்துகின்றன என்ற அதன் உட்கருத்தை நகரத் திட்டமிடலாளர்கள் இன்றும் கவனத்திற் கொள்கின்றனர்.

சென்னையின் அனுபவமும் எமக்கு அறிவூட்டக் கூடியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வடசென்னையின் பெரம்பூர்ப் பகுதி மக்களுக்குச் சோறு போட்ட பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. அதே காலப்பகுதியில் மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் எழத் தொடங்கின. 2000ஆம் ஆண்டில் தெற்கே தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, பழைய மகாபலிபுரம் சாலை கணினித் துறையின் கேந்திரமாயிற்று. தொழில்கள் முதலிற் சென்றன. வேளச்சேரிக்கான பறக்கும் ரயில் 2007இலும், மெட்ரோ ரயில் 2015இலும் பின்னாலேயே வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளரின் ஒரு தலைமுறையே தொழிலற்றுப் போயிற்று.

கண்டியில் பஸ்ஸும் ரயிலும் தராத வழியை விமானம் தந்திருக்கின்றது எனலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குச் செல்வோரின் மாவட்ட வரிசையில் கண்டி நீண்டகாலமாக முன்னணியில் உள்ளது. பல்லேகலையில் உள்ள வேலையை அடைவதை விட ரியாத்தில் அல்லது தோஹாவில் உள்ள வேலையை அடைவது பல குடும்பங்களுக்கு இலகுவாகி விட்டது. இதனால் வீடுகள் எழுந்துள்ளன, பிள்ளைகள் படித்துள்ளனர். அதேவேளை தாய் தந்தையரைப் பிரிந்து வளரும் ஒரு தலைமுறையும் உருவாகியுள்ளது.

நம்பிக்கையும் ஒரு பாதையே

தூரம், கட்டணம் ஆகியவற்றுக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய உள்ளிட்ட பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. கண்டியின் புதிய தொழில்கள் குவிந்துவரும் அதே வீதியின் ஓரத்திலேயே அவ்வன்முறைகள் நிகழ்ந்தன. அந்த வீதியால் மாலை வேளையில் தனியே திரும்பி வரத் தயங்கும் ஓர் இளைஞனை அல்லது யுவதியைக் கோழை எனக் கூறிவிட முடியாது. ஓர் இடத்திற்குத் தொழில் வந்துவிட்டது என்பதால் மட்டும் அத்தொழில் எல்லோருக்கும் திறந்திருப்பதாகி விடாது. அங்கு சென்று வருவோருக்கு அச்சமின்றி இருக்கும் உத்தரவாதமும் வேண்டும். இதனை வழங்க வேண்டியது அரசின் கடமை. அப்பகுதியின் சிங்கள மக்களிற் பலர் அன்று தம் அயலவரைப் பாதுகாத்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. நம்பிக்கையை மீளக் கட்டியெழுப்புவதற்கு அதுவே அத்திவாரம்.

இயற்கையும் தன் பங்கிற்கு எச்சரித்துள்ளது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியினால் நாட்டில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண்சரிவுகளும் மகாவலியின் பெருக்கும் வீதிகளைத் துண்டித்தன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. ஒரு வீதியையும் ஒரு ரயில் பாதையையும் மட்டுமே நம்பியிருக்கும் பிரதேசம், அவ்விரண்டும் துண்டிக்கப்படும்போது கூலியையும் சேர்த்தே இழக்கின்றது. நாட்கூலி பெறுவோருக்கு ஒரு வாரம் வீதி மூடப்படுவது ஒரு வார உணவு மூடப்படுவதற்கு ஒப்பானது.

செய்யத்தக்கவை

கண்டி மாநகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் ஒன்றாகத் திட்டமிடும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் உதவியுடன் பாரிய கண்டி நகரத் திட்டம் தயாரிக்கப்பட்டது. உலக வங்கியின் நிதியுதவியுடன் பஸ், ரயில் சேவைகளை இணைக்கும் போக்குவரத்து நிலையம் ஒன்றும் திட்டமிடப்பட்டது. இவை பெரிய திட்டங்கள். நீண்ட காலம் எடுப்பவை. அவை முற்றுப்பெறும் வரை காத்திராமல் செய்யத்தக்கவையும் உள்ளன.

முதலாவது, நகரத்தைக் கடந்து செல்லும் நேரடிப் பஸ் சேவை. கம்பளையில் இருந்து கெலிஓயா, பேராதனை, கண்டி வழியாகத் திகன வரை, தொழிற்சாலைகளினதும் அலுவலகங்களினதும் வேலை நேரத்துக்கு இசைவாக, இறங்கி ஏறத் தேவையற்ற பஸ்கள் காலையும் மாலையும் ஓட வேண்டும். புதிய வீதி எதுவும் இதற்குத் தேவையில்லை. வழித்தட அனுமதியும் மனமும் இருந்தால் போதும். இரண்டாவது, ரயில். நாவலப்பிட்டியில் இருந்து கம்பளை, கெலிஓயா, பேராதனை ஊடாகக் கண்டி வரையிலும், அங்கிருந்து 1880இல் அமைக்கப்பட்ட மாத்தளைப் பாதையில் கட்டுகஸ்தோட்டை வரையிலும் தண்டவாளம் உள்ளது. அதனை வெள்ளையரின் தேயிலைக்கு அமைக்கப்பட்ட பாதையாகக் கருதாமல், நாளாந்தம் வேலைக்குச் செல்வோருக்கான நகர ரயிலாக மாற்றுவதே அறிவுடைமை.

மூன்றாவது, தொழில்களில் ஒரு பகுதியைத் தென்மேற்கிற்கும் கொண்டுவருதல். கம்பளை முதல் புசல்லாவை வரை மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடங்களும் பயிரிடப்படாத தோட்டக் காணிகளும் உள்ளன. மண்சரிவு அபாயத்தை முதலில் ஆராய்ந்து, பாதுகாப்பான இடங்களில் சிறு கைத்தொழிற் பேட்டைகளையும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அறிவை அடிப்படையாகக் கொண்ட கணினி, விவசாயப் பதனீட்டு முயற்சிகளையும் அமைக்கலாம். பட்டதாரிகளை உருவாக்கிக் கொழும்புக்கு அனுப்பும் பிரதேசமாகவே பேராதனைச் சூழல் என்றென்றும் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. நான்காவது, வேலை வெற்றிட அறிவித்தல்கள் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். கிழக்கே ஒரு வேலை இருக்கின்றது என்பதே தெரியாதவருக்குப் பஸ் சேவையால் பயன் இல்லை.

எமது சமூகங்களுக்கும் ஒரு வார்த்தை. கடையே கதி என்று ஒரு தலைமுறை வாழ்ந்தது. தோட்டமே கதி என்று இன்னொரு தலைமுறை வாழ்ந்தது. இரண்டும் இன்று எல்லோருக்கும் இடமளிக்கும் நிலையில் இல்லை. தொழிற்பயிற்சியை இரண்டாந்தரக் கல்வியாகக் கருதும் மனப்பாங்கும், உற்பத்தித் துறையைக் கூலிவேலை என ஒதுக்கும் வழக்கமும் மாற வேண்டும். எமது அரசியல் பிரதிநிதிகள் நியமனக் கடிதங்களைப் பெற்றுத் தருவதையே தொழில்வாய்ப்பு எனக் கருதாமல், பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டங்களில் பஸ் வழித்தடம் பற்றியும் ரயில் நேரம் பற்றியும் கேள்வி எழுப்புவார்களாயின், அதனால் நன்மையடைவோரின் தொகை மிக அதிகமாக இருக்கும்.

தொழில்கள் இன்னும் நகரும். இன்றைய பல்லேகலை நாளை நெருக்கடி மிகுந்ததாகும். அதிவேக வீதி கண்டியை எட்டும் காலத்தில் மீண்டும் ஒரு திசைமாற்றம் நிகழும். அதனை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் அந்த நகர்வு எங்கே செல்கின்றது, எவரை உடன் அழைத்துச் செல்கின்றது என்பவை அரச அலுவலக மேசைகளில் தீர்மானிக்கப்படும் விடயங்கள். அந்த மேசைகளில் கண்டியின் தென்மேற்குப் பகுதி மக்களின் குரல், அடுத்த வரைபடம் தீட்டப்படுவதற்கு முன்னரே ஒலிக்க வேண்டும்.